பொறியியலில் ஒரு புணரியல்

இரண்டு பொருள்களைச் சேர்த்தல் எளிது. சேர்ந்தவை சேர்ந்தபடியே நிற்கச் செய்தல் அரிது. வேண்டும்போது இரண்டிற்கும் ஊறு நேராமற் பிரிக்கத் தக்கவாறு சேர்த்தலோ அதனினும் அரிது. இவ்வுண்மையை மரத்தச்சன் அறிவான், நெசவாளன் அறிவான், இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனும் அறிவான். மருதமுனைத் தறியிலே பாவிழையொன்று அறுந்துவிடின் அதனை முடிபவன் முடிச்சைச் சிறிதாகவும் இறுக்கமாகவும் இடுகின்றான். முடிச்சுப் பருத்தால் அச்சிலே சிக்கும். இறுக்கம் குறைந்தால் மறுகணமே அவிழும். நிலைமொழியையும் வருமொழியையும் புணர்த்தும் மாணவனுக்கும் இதே கவலைதான். சேர்ந்த சொல் நாவிலே இடறாது ஓடவேண்டும். பிரித்தெழுதச் சொன்னால் இரண்டு சொற்களும் தத்தம் உருவோடு மீளவேண்டும்.

இந்தச் சேர்க்கைக் கலையை மோட்டார் வண்டியின் ஓர் உறுப்பிலே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிதனுக்கு நட்டும் போல்ட்டும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சாய்ந்தமருதுக்குத் தெற்கே அணித்தாயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள் தமிழ்ப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். மறைந்துபோன பழந்தமிழ் யாழின் அமைப்பைக் கணக்கிட்டுக் காட்டும் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் அளந்து பார்க்கத் தயங்காத பண்டிதரைத் தந்த கரை இது. ஆகலின், குழாயின் வாயையும் திருகாணியின் முறுக்கையும் எண்ணிப் பார்ப்பது நமக்கு அயலான தொழிலன்று.

பெயரும் பணியும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் பெற்றோல் தனியே எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. பழைய வண்டிகளில் இக்கலவையை ஆக்கித் தருவது காபரேற்றர். காபரேற்றர் ஒன்று, சிலிண்டர்கள் நான்கு. ஒன்றிற் பிறந்த கலவையை நான்கிற்கும் ஒப்பப் பகிர்ந்தளிக்கும் கிளைக் குழாயையே ஆங்கிலர் ‘இன்லெட் மெனிபோல்ட்’ என்கின்றனர். ஒன்று பல மடியாய்ப் பிரிவது என்பது அச்சொல்லின் கருத்து. நாம் இதனை உள்வாய்க் கிளைக்குழாய் எனலாம். நமது மாவட்டத்து வேளாளனுக்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. பெருவாய்க்காலில் வந்த நீரைச் சிறுவாய்க்கால்கள் வயல்தோறும் கொண்டுசெல்லும் முறைமையே ஈங்கும் உள்ளது. கடைசி வயலுக்கும் முதல் வயலுக்கும் நீர் ஒப்பச் செல்லவேண்டும். இடையிலே வரம்பு உடைந்துவிடக் கூடாது.

இக்கிளைக்குழாய் எஞ்சினின் தலைப்பகுதியிலே பொருந்துகின்றது. தலையிலே துளைகள், குழாயிலே அவற்றுக்கு நேரான வாய்கள். இரண்டு முகங்களுக்கும் இடையே ‘கஸ்கட்’ எனப்படும் மெல்லிய தகடு ஒன்று வைக்கப்படும். பின்னர் நட்டுகளால் இறுக்குவர். உலோகத்தின் முகத்தை எவ்வளவு சமமாக இழைத்தாலும் அதில் நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். அவ்விடைவெளியை நிரப்புவது கஸ்கட்டின் கடமை. ‘மணி’ என்பதும் ‘அடித்தான்’ என்பதும் நேருக்கு நேர் வந்து நிற்கும்போது உயிரும் உயிரும் ஒட்டாவாகலின் யகரம் இடையே புகுந்து ‘மணியடித்தான்’ என இணைத்துவைக்கின்றதன்றோ? இலக்கணத்தார் அதனை உடம்படுமெய் என்றனர். ஒட்டாத இரண்டை உடம்படச் செய்வது அது. கஸ்கட் எஞ்சினின் உடம்படுமெய்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

இப்பொருத்துச் சற்றே தளர்ந்தால் வரும் தீமை யாது? தண்ணீர்க் குழாய் தளர்ந்தால் நீர் வெளியே சொட்டும், கண்டுகொள்வோம். உள்வாய்க் குழாய் தளர்ந்தால் எதுவும் வெளியே சொட்டாது. எஞ்சின் மெல்ல ஓடும்போது அக்குழாயினுள் இருக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் அண்ணளவாக மூன்றிலொரு பங்கே. ஆதலால் உள்ளிருப்பது வெளிவருவதன்று. வெளியிலுள்ள காற்றே திருட்டுத்தனமாக உட்புகுவது. காபரேற்றர் அளந்து கலந்த கலவையிலே அளவிலாக் காற்று வந்து சேர்கின்றது. பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த அக்கலவை சீராக எரிவதில்லை. நிறுத்தி வைத்த வண்டி ஒருகணம் உறுமும், மறுகணம் அடங்கும், சிலவேளை காபரேற்றர் வழியே தும்மும். நெடுநாள் அவ்வண்ணமே ஓட்டினால் சூடு மிகுந்து வெளிவாயில் வால்வுகள் கருகவும் கூடும்.

வண்டிக்காரரோ காபரேற்றரைக் குறைகூறுவார்; அதனைக் கழற்றித் துப்புரவு செய்வார்; பணம் செலவாகும்; நோய் தீராது. குற்றம் இருப்பது அரை அங்குல நட்டு ஒன்றின் அடியிலே. அந்நட்டை முதலிற் பூட்டியவன் ஏன் நன்றாக இறுக்கவில்லை? சோம்பலா? பெரும்பாலும் அன்று. அவனது கை அங்கே எட்டவில்லை. எட்டாத இடத்தில் நட்டை வைத்தவன் எஞ்சினை வரைந்தவன். ஆகவே, உள்வாய்க் குழாயைப் பூட்டுவதை எளிதாக்குதல் என்பது தொழிலாளிக்குச் செய்யும் சலுகையன்று. எஞ்சினின் உடல்நலத்துக்கே இன்றியமையாத ஒழுங்கு. கைக்கு எளிதான வேலையே சரியாக நடக்கும். அரிதான வேலை ஒருநாள் இல்லாவிடினும் ஒருநாள் அரைகுறையாகவே முடியும்.

மொறிஸ் மைனர் தரும் பாடம்

இப்பாடத்தைக் கற்க நம் நாட்டவர்க்கு நன்கு அறிமுகமான வண்டியொன்று உண்டு. அலெக் இஸிகோனிஸ் என்பவர் அமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மோட்டார்க் காட்சியில் வெளிவந்தது. இலங்கையில் வைத்தியரும் ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் விரும்பி வாங்கிய வண்டி அது. பின்னர் வாடகை வண்டியாகவும் ஊர்தோறும் ஓடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே நம்மவர் ஓட்டினர். வண்டி செய்யாத நாடு வண்டி திருத்தும் கலையில் வல்ல நாடாயிற்று. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மைனர் வண்டிகளுக்கெனவே ஒரு நிலையத்தை நிறுவிய சார்ல்ஸ் வெயர் என்பவர், அவ்வண்டிக்குரிய உடற்றகடுகளைச் செய்விக்க 1990களின் தொடக்கத்தில் இலங்கையின் காலி நகரையே நாடினார் என்பது இதற்குச் சான்றாகும். இங்கிலாந்துக் காருக்கு இலங்கைக் கை உறுப்புச் செய்து கொடுத்தது.

1952 முதல் மைனரிற் பொருத்தப்பட்ட எஞ்சின் ‘ஏ வரிசை’ எனப்படுவது. 1951இல் ஒஸ்ரின் ஏ முப்பது என்னும் சிறுவண்டியில் 803 கன சென்றிமீற்றர் கொள்ளளவோடு முதன்முதல் வந்தது. 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் மைனரில் வளர்ந்தது. 1959இல் வந்த மினி வண்டியிலும் அதுவே அமர்ந்து, 2000ஆம் ஆண்டில் அவ்வண்டி நிறுத்தப்படும்வரை வாழ்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்த எஞ்சினின் பொருத்து எத்தகையது என்று காண்போம்.

அதன் தலைப்பகுதியை அமைத்தவர் ஹரி வெஸ்லேக். நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு உள்வாய், நான்கு வெளிவாய் என எட்டு வாய்கள் வேண்டும் என்பது நமது எண்ணம். வெஸ்லேக்கோ அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு ஓர் உள்வாய் என இரண்டே உள்வாய்களையும், நடுவிலுள்ள இரண்டுக்குப் பொதுவாக ஒன்றும் ஓரங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று வெளிவாய்களையும் வைத்தார். எட்டு ஐந்தாயிற்று. அடைக்க வேண்டிய வாய்கள் குறைந்தால் கசியும் இடங்களும் குறையும். உள்வாய்க் குழாயும் புகையை வெளியேற்றும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், ஒரே கஸ்கட்டின்மேல் அமைந்தன. மைனரில் இவ்விரண்டும் ஒரே வார்ப்பிரும்பாகவே வார்க்கப்பட்டன. புகைக் குழாயின் வெம்மை உள்வாய்க் குழாயைச் சூடேற்றிப் பெற்றோலை ஆவியாக்கும் என்பது குளிர்நாட்டார் கருதிய பயன். பூட்டுபவன் கண்ட பயன் வேறு: எடுத்து வைக்க வேண்டிய பொருள் ஒன்றே, இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக்கும் தொல்லை இல்லை.

இடர் எங்கே?

இதே எஞ்சினைப் பந்தய வேகத்துக்கு ஏற்ற வண்டிகளில் அமர்த்தியபோது கதை மாறிற்று. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற்றில் காபரேற்றர்கள் இரண்டு. உள்வாய்க் குழாய் அலுமினியம்; புகைக் குழாய் வார்ப்பிரும்பு. இரண்டும் தனித்தனிப் பொருள்கள். ஆனால் தலையிலே நிற்கும் ‘ஸ்டட்’ எனப்படும் திருகுத்தண்டுகள் சில இரண்டுக்கும் பொது. ஒரு தண்டின் ஒருபுறம் உள்வாய்க் குழாயின் விளிம்பு. மறுபுறம் புகைக் குழாயின் விளிம்பு. இரண்டையும் சேர்த்து மிதிக்கும்படி அகன்று தடித்த வாஷர் ஒன்றை இட்டு, அதன்மேல் நட்டை முறுக்கவேண்டும். விளிம்புகள் இரண்டும் ஒரே தடிப்பாயின் வாஷர் இரண்டையும் ஒப்ப அமுக்கும். ஒன்று ஒரு மயிரிழை தடித்தால் வாஷர் சாய்ந்து தடித்ததை மட்டும் அமுக்கும். மெலிந்தது வாளா இருக்கும். நட்டு இறுகிவிட்டதென்று கை சொல்லும். காற்றோ மெலிந்த பக்கத்தால் நுழையும். ஒரே தலைவனின்கீழ் ஒத்த தகுதியில்லாத இருவரைப் பணிக்கு அமர்த்தினாற் போன்றது இது.

இரண்டாவது இடர் இடம் பற்றியது. நட்டுக்கு ஆறு முகங்கள். ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு 60 பாகை. வாய்திறந்த ஸ்பனரின் தலையை 15 பாகை சாய்த்துச் செய்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். ஏனென்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஸ்பனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 பாகை அசைய இடமிருந்தாலே நட்டைச் சுற்றிவிடலாம் என்பதற்காகவே அது. அந்த 30 பாகையும் கிடையாத இடத்தில் என் செய்வது? மைனரில் எஞ்சின் நெடுக்காக இருந்தது. பக்கவாட்டில் கைநுழைய இடமிருந்தது. மினியில் அதே எஞ்சினைக் குறுக்காக வைத்தனர். காபரேற்றர் குளிர்க் காற்றில் உறையாதிருக்கவென அதனையும் குழாயையும் பின்பக்கமாகத் திருப்பினர். அதனால் நட்டுகள் எஞ்சினுக்கும் வண்டியின் உட்சுவருக்கும் இடையிற் போய் ஒளிந்துகொண்டன. அதே எஞ்சின், அதே நட்டு. இருப்பிடம் மாறியதும் எளிய வேலை அரிய வேலையாயிற்று.

மூன்றாவது இடர் வெம்மை. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 40 சென்றிமீற்றர் நீளமான அலுமினியக் குழாயொன்று இரும்புத் தலையின்மேல் 80 பாகை செல்சியஸ் சூடேறினால், இரண்டின் நீட்சிக்கும் இடையே அண்ணளவாக 0.4 மில்லிமீற்றர் வேறுபாடு தோன்றும். துளைகளைத் தண்டுக்கு இறுகப் பொருந்துமாறு துளைத்திருந்தால் குழாய் நெளியும், அல்லது தண்டு வளையும். நான்காவது, கடற்கரையோரத்தில் வாழும் நமக்கே சிறப்பாக உரியது: உப்புக் காற்று. கறள் ஏறிய நட்டைத் திருகும்போது தண்டே முறிந்து தலைக்குள் தங்கிவிடும்.

சாய்ந்தமருதுப் பகுதிக் கராஜ் ஒன்றில் முதிய மெக்கானிக் ஒருவர் இத்தகைய குழாயொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அருகிருந்து கண்டிருக்கிறேன். உதவிக்கு நின்ற பையன், “காக்கா, இந்த நட்டுக்குக் கையே போகுதில்ல” என்றான். அவர் பெட்டியைத் துழாவி, சூடேற்றி வளைத்துப் பாதியாக வெட்டிய ஸ்பனரொன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு நட்டுக்காகவே செய்யப்பட்ட கருவி அது. பிறகு என்னை நோக்கி, “சேர், பூட்டுறது பெரிய வேலயில்ல. கழட்டுற நேரந்தான் பூட்டின ஆள்ட குணம் தெரிய வரும்” என்றார். இலக்கண நூல் எதனையும் அவர் ஓதியதில்லை. ஆயினும் புணர்ச்சியின் உயிர்நிலையைச் சொல்லிவிட்டார்.

மூவகை விகாரம்

சொற்கள் மாறுதலின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. மாறுதல் பெற்றுச் சேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. ‘வாழைப்பழம்’ என்பதில் பகரம் தோன்றிற்று. ‘பொற்குடம்’ என்பதில் னகரம் றகரமாய்த் திரிந்தது. ‘மரவேர்’ என்பதில் மகரம் கெட்டது. உள்வாய்க் குழாயைப் பூட்ட எளிதாக்க உலகெங்கும் கையாளப்பட்ட வழிகளை நிரல்படுத்தி நோக்கினால் அவையும் இம்மூன்றனுள்ளே அடங்கக் காண்கின்றோம்.

தோன்றலாவது புதிய ஒன்றைச் சேர்த்தல். தலையிலே போல்ட்டைச் செருகாமல், முன்னரே நாட்டிய திருகுத்தண்டுகளை நிறுத்துவது முதலாவது. கனத்த குழாயைக் கையில் ஏந்திக்கொண்டே போல்ட்டைத் தேடும் இடர் ஒழிகின்றது. கஸ்கட்டையும் குழாயையும் தண்டிலே மாட்டிவிட்டு ஆறுதலாக நட்டை எடுக்கலாம். குழாய் தானே நேர்நிலையில் அமரும்பொருட்டுச் சிறு முளைகளையோ வளையங்களையோ வைப்பது இரண்டாவது. இரும்பு நட்டுக்குப் பதிலாகப் பித்தளை நட்டை இடுவது மூன்றாவது. பித்தளை இரும்புத் தண்டோடு கறளேறி ஒட்டிக்கொள்வதில்லை; கடற்கரை ஊர்களுக்கு இது மிகவும் உகந்தது.

திரிதலாவது உள்ளதன் உருவை மாற்றுதல். வட்டத் துளையை நீள்துளையாக்கினால் விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் இடம் கிடைக்கும். கீழ்வரிசைத் துளைகளின் அடிப்பக்கத்தை வெட்டித் திறந்த கவடுபோல் ஆக்கிவிட்டால் இன்னுமொரு நன்மையுண்டு. கை எட்டாத அந்தக் கீழ் நட்டுகளைக் குழாய் வருமுன்னரே தண்டுகளில் ஓரிரு சுற்று ஏற்றி வைக்கலாம். பின்னர் குழாயை மேலிருந்து இறக்கினால் கவடு தண்டைக் கவ்விக்கொள்ளும். எஞ்சியது இறுக்குதல் ஒன்றே. இருளில் நட்டைத் தண்டின் முனைக்கு நேராகப் பிடித்துத் தடவும் துன்பத்தை இது நீக்குகின்றது. ஒரே வெட்டு, அரை மணி நேர உழைப்பு மிச்சம்.

கெடுதலாவது மிகையானதை நீக்குதல். தடித்த விளிம்பை அரத்தால் அராவி மெலிந்ததோடு ஒப்பாக்குதல், முகத்தின் நெளிவை இழைத்துச் சமமாக்குதல், பழைய கஸ்கட்டின் துணுக்குகளைச் சுரண்டி எடுத்தல் ஆகியன இதன்பாற்படும். பழங்காலக் கஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு தருவது. ஆகலின் அதனை உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து அகற்றுதல் வேண்டும் என்பதைத் தொழில் பயிலும் இளைஞர் மறத்தல் கூடாது.

இம்மூன்றும் செய்தபின் முறைமை ஒன்று எஞ்சுகின்றது. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, ஒரே தடவையில் அன்றிப் பல தடவையாக இறுக்கவேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடு உப்பிநிற்கும். ஏ வரிசை எஞ்சினில் இந்நட்டுகளுக்கு விதித்த முறுக்கு ஏறத்தாழ 15 இறாத்தல்-அடி. ஓரடி நீளமான ஸ்பனரின் நுனியில் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையைத் தொங்கவிட்டாற் போன்றது அது. வன்மையைக் காட்ட வேண்டிய இடமன்று. அளவறிந்து நிறுத்த வேண்டிய இடம்.

தொழிற்சாலையின் மூன்று வினாக்கள்

கராஜ்களில் கை கண்ட இவ்வறிவைப் பல்கலைக்கழகத்தார் சாத்திரமாக்கியது பிற்காலத்திலேதான். இங்கிலாந்திலிருந்து சென்று அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெப்ரி பூத்ரோய்ட் என்பவர் 1970களில், பொருள்களைப் பூட்டும் வேலையின் அருமை எளிமையை அளந்து காட்டும் முறையொன்றை வகுத்தார். பின்னர் பீற்றர் டியூஹர்ஸ்ற் அவரோடு சேர்ந்தார். ஓர் உறுப்புத் தனியாக இருக்கத்தான் வேண்டுமா என்று அறிய மூன்று வினாக்களை எழுப்புமாறு அவர்கள் கூறினர். மற்ற உறுப்புகளைச் சாராமல் அது அசைய வேண்டுமா? வேறு பொருளாற் செய்யப்படல் வேண்டுமா? பூட்டவும் கழற்றவும் தனியாக இருந்தாலன்றி இயலாதா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின் அவ்வுறுப்பை அயலுறுப்போடு ஒன்றாக்கிவிடலாம்.

மைனரின் குழாயை இவ்வினாக்களால் உரைத்துப் பார்ப்போம். உள்வாய்க் குழாயும் புகைக் குழாயும் ஒன்றையொன்று சாராமல் அசைவதில்லை. இரண்டும் வார்ப்பிரும்பாகலாம். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒருங்கே பூட்டத் தக்கன. ஆகவே ஒன்றாக்கியது முறையே. ஸ்பிரைற்றில் உள்வாய்க் குழாய் இலேசான அலுமினியமாக வேண்டியிருந்தது, இரண்டாம் வினாவுக்கு ஆம் என்ற விடை வந்தது, தனித்தனியே பிரிந்தன, வாஷர்த் தொல்லையும் கூடவே வந்தது. வினாக்களை வகுத்தவர் பின்னே வந்தார். விடையைக் கண்டவர் முன்னே சென்றார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்புதல் பொறியியலுக்கும் பொருந்தும்.

மரூஉ ஆகிவிட்ட பொருத்து

ஒன்றாக்குதல் நன்றெனின் முற்றிலும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? அதனையும் செய்து பார்த்தனர். 1960ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வந்த போர்ட் பல்கன் வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் உள்வாய்க் குழாய் தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. இறுக்க நட்டும் இல்லை. கசியப் பொருத்தும் இல்லை. பூட்டுபவனுக்கு இதனினும் எளிமை வேறேது? ஆனால் அக்குழாயை மாற்றி எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விரும்பியவன் தலையையே வெட்ட வேண்டியவனானான்.

இக்கால வண்டிகளில் கண்ணாடி இழை கலந்த நைலோனால் உள்வாய்க் குழாய்கள் செய்யப்படுகின்றன. எடை குறைவு, உட்புறம் வழுவழுப்பு. போல்ட்டுகள் கீழே விழாதபடி குழாயிலேயே கோத்து வருகின்றன. மிகையாக இறுக்கினும் பிளாஸ்ரிக் நசுங்காதபடி துளைதோறும் உலோகச் சிறுகுழல் ஒன்று உள்ளது. தட்டைக் கஸ்கட்டுக்குப் பதிலாகப் பள்ளத்தில் அமர்ந்த றப்பர் வளையம் இருக்கின்றது. பூட்டுபவன் வைக்கிறான், முறுக்குகிறான், விலகுகிறான். இவையெல்லாம் போற்றத் தக்க திருத்தங்களே.

ஆயினும் அக்குழாயின் இரு பாதிகளும் அதிர்வினால் உருக்கி ஒட்டப்பட்டவை. வெடித்துவிட்டால் பிரிக்க இயலாது. முழுதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டும். 1990களின் பிற்பகுதியில் போர்ட் நிறுவனத்தின் 4.6 லீற்றர் எஞ்சின்கள் சிலவற்றில் பிளாஸ்ரிக் குழாயினூடே சுடுநீர் செல்லும் பகுதி வெடிக்கக் கண்டு, பின்னர் அப்பகுதியை அலுமினியத்தால் மாற்றியமைத்தனர். ‘தஞ்சாவூர்’ என்பது ‘தஞ்சை’ எனக் குறுகும்போது அதனை மரூஉ என்கின்றோம். சொல்ல எளிது, ஆனால் உறுப்புகள் உருத்தெரியாமற் போயின. மரூஉ மொழிக்கு அழகுதான். எனினும் மொழி முழுதும் மரூஉ ஆகிவிட்டால் மாணவன் வேர்ச்சொல்லை எங்ஙனம் அறிவான்? அவ்வாறே, பிரிக்கவே இயலாத பொருள்களால் உலகம் நிறைந்துவிட்டால் திருத்தும் கை எதனைக் கற்கும்?

தொழிற்சாலைக்கு எளிமை என்பது ஒருமுறை பூட்டும் எளிமை. கராஜுக்கு எளிமை என்பது பலமுறை கழற்றிப் பூட்டும் எளிமை. முன்னதை எண்ணுபவன் பொருளை விற்பவன். பின்னதை எண்ணுபவன் பொருளோடு வாழ்பவன். இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் மீண்டும் திறந்த இடைக்காலத்தில், பின்னதன் அருமையை நாடே உணர்ந்தது. அந்த ஐந்தாண்டுகளில் வண்டிகளை ஓடவைத்தவர்கள் கழற்றத் தெரிந்தவர்களே.

சொல்லும் கையும்

இனி, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வார்த்தை. நமது கராஜ்களில் வழங்கும் மொழியைச் செவிமடுத்துக் கேட்பின் ஒரு புதுமை புலப்படும். பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: நட்டு, வாஷர், ஸ்டட், கஸ்கட், மெனிபோல்ட். வினைச்சொற்களோ தமிழ்: பூட்டு, கழற்று, முறுக்கு, இறுக்கு, தளர்த்து, அராவு, சுரண்டு, வளை, நிமிர்த்து. பொருள் வெளிநாட்டிலிருந்து பெயரோடு வந்தது. செயல் இங்கே பிறந்தது. ஆகவே செயலுக்குத் தமிழே போதுமாயிற்று. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது அறிஞர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே தேடினர். கராஜின் வினைச்சொற்களைத் தொகுத்தோர் அரியர். பையன் ஒருவன் ‘இறுக்கு’ என்பதற்கும் ‘முறுக்கு’ என்பதற்கும் கையால் அறிந்திருக்கும் வேறுபாட்டை நம் அகராதிகள் அறிந்திருக்கின்றனவா என்பது ஐயமே. நட்டு முகத்திலே தொடும்வரை சுற்றுவது முறுக்குதல். தொட்டபின் அழுத்துவது இறுக்குதல். இவ்வளவு நுட்பமான வேறுபாடு வாழும் மொழியை எழுதிவைக்காமல் விடுவது இழப்பன்றோ?

2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதிற் பொறியியல் பீடமும் உண்டு. ஆயினும், கையில் எண்ணெய் படிந்தவன் கல்வியில் தோற்றவன் என்ற எண்ணம் நம் வீடுகளை விட்டு முற்றாக அகலவில்லை. படித்தவனுக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. உழைப்பவனுக்குப் பொருள் தெரியும், சொல் தெரியாது. இரண்டும் இரு முகங்களாக எதிரெதிர் நிற்கின்றன. இடையிலே புகுந்து உடம்படச் செய்ய வேண்டியது பள்ளிக்கூடம். தமிழாசிரியன் தன் மாணவரைக் கராஜுக்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் வினைச்சொற்களை எழுதிவரச் செய்வானாயின், இலக்கணமும் வளரும். தொழிலின் மதிப்பும் உயரும். அங்குள்ள மெக்கானிக்கைத் தொழினுட்ப மாணவர்முன் நிறுத்தி, வளைத்து வெட்டிய அந்த ஸ்பனர் எந்த நட்டுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லச் செய்வானாயின், நாளை எஞ்சினை வரையப்போகும் பிள்ளை அந்த நட்டைக் கையெட்டும் இடத்தில் வைப்பான்.

எந்தப் பொருளை ஆக்குபவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. இதனை நான் பூட்டிவிட்டேன். எனக்குப் பின் வரும், நான் முகமறியாத ஒருவன், இருட்டிலும் வெயிலிலும் நின்று, இதனைக் காயமின்றிக் கழற்ற இயலுமா? இயலும் என்று விடை சொல்லத் தக்கவனே சேர்க்கும் கலையைக் கற்றவன். சொல்லைப் புணர்த்துவோர்க்கும் இஃது ஒக்கும். இரும்பைப் புணர்த்துவோர்க்கும் இஃது ஒக்கும்.